சுட்ட களிமண்ணில் திசை எடுப்பது: களத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு

பழைய அடுப்பின் வயதைக் காந்தத்தால் அறியலாம் என்று உயர்தர வகுப்பில் சொன்னால், எந்த மெஷினில் வைத்துப் பார்ப்பது என்றுதான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். மெஷின் எல்லாம் பிறகு. மண்ணைத் தரையிலிருந்து பிரிப்பதற்கு முன், அது எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று குறிப்பதுதான் பெரிய வேலை. குறிக்காமல் கிளப்பிய துண்டிடம் எந்த ஆய்வுகூடமும் திசையைக் கேட்க முடியாது. திருகோணமலையில் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியை என்ற முறையில், அந்தக் குறிக்கும் வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

களிமண்ணில் இரும்பு ஒக்சைட்டுகள் நுண்துகள்களாகக் கலந்திருக்கின்றன. அவற்றில் மக்னடைட் சுமார் 580 பாகை செல்சியசிலும், ஹெமடைட் சுமார் 675 பாகையிலும் தம் காந்தத்தை இழந்துவிடும். நெருப்பு அணைந்து ஆறும்போது, அன்றைக்குப் பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமாகப் புதுக் காந்தம் ஏறி உறையும். மறுபடி யாரும் அங்கே நெருப்பு மூட்டாவிட்டால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு அது நிலைத்திருக்கும். பூமியின் புலமோ ஓரிடத்தில் நிற்பதில்லை. லண்டனில் 1580இல் திசைகாட்டி ஊசி உண்மை வடக்கிலிருந்து 11 பாகை கிழக்கே நின்றது. 1800களின் தொடக்கத்தில் 24 பாகை மேற்கே போய்விட்டது. எங்கள் துறைமுகத்தின் கடல் வரைபடம் பார்க்கக் கிடைத்தால், அதிலுள்ள திசைவட்டத்தைப் பாருங்கள். ஊசியின் விலகலும் அது ஆண்டுக்கு எவ்வளவு மாறுகிறது என்பதும் அதிலேயே அச்சிட்டிருக்கும்.

ஆக, அடுப்பில் உறைந்த திசையை அளந்து, புலம் எந்தக் காலத்தில் அப்படி இருந்தது என்று பார்த்தால் வயது கிடைக்கும். அது அடுப்பைக் கட்டிய காலம் அல்ல, கடைசியாக மூட்டிய நெருப்பு ஆறிய காலம்.

திருகோணமலைக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. லண்டனில் தடையின்றித் தொங்கும் காந்த ஊசி 66 பாகை அளவுக்குக் கீழே குனியும். இங்கே அது கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும், ஏனென்றால் ஊசி குனியாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு எங்கள் அகலக்கோட்டை ஒட்டித்தான் போகிறது. 1963இல் இந்தியா தன் முதல் ரொக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தெரிந்தெடுத்ததும் இதற்காகவே. தும்பாவும் நாமும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் இருக்கிறோம். கிடையாக நிற்கும் ஊசியின் சின்னச் சாய்வைத்தான் நாம் படிக்க வேண்டும். மட்டம் பார்ப்பதில் 2 பாகை பிசகினால் அந்தப் பிசகு அப்படியே விடைக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

எடுத்தவுடன் தொல்லியல் இடத்துக்குப் போகக்கூடாது. இங்கே அகழ்வதற்குத் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 1940ஆம் ஆண்டுச் சட்டம் அது. அனுமதி பெற்ற குழுவோடு போகும் நாளுக்குக் கை பழகியிருக்க வேண்டும். அதற்கு மூதூர்ப் பக்கத்துச் செங்கல் சூளை ஒன்று போதும். கல் எல்லாம் லொறியில் ஏறிப் போன பிறகு சூளையின் தரை செந்நிறமாகச் சுட்டுப்போய்க் கிடக்கும். கடைசியாக எப்போது எரித்தது என்று முதலாளிக்குத் தெரியும். நாங்கள் ஒருமுறை கேட்டபோது, “கல்லு வேணாமா டீச்சர், தரைதான் வேணுமா?” என்றார். “தரைதான் நானா, ஒரு மூலையில கொஞ்சம்” என்றேன். தாராளமாக விட்டார். அப்படி எடுத்த மாதிரியை ஆய்வுகூடத்தில் அளந்தால் இன்றைய புலமே வரவேண்டும்: ஏறத்தாழ 2 பாகை மேற்கே, கிட்டத்தட்டக் கிடையாக. வேறு ஏதாவது வந்தால் குறித்த கையில்தான் பிழை.

எதை எடுக்கலாம் என்பதில் ஒரு எச்சரிக்கை. சேனைக்குக் காடெரித்த நிலத்தில், பட்ட மரத்தின் வேர் உள்ளுக்குள்ளேயே கனன்று மண்ணைச் சிவப்பாக்கும். பார்த்தால் அடுப்பு போலவே இருக்கும். வேர்த்தடம் கீழே போகப்போக ஒடுங்கிக் கிளை பிரியும். மனிதன் மூட்டிய அடுப்புக்குத் தட்டையான அடியும், மேலிருந்து கீழே சீராகக் குறையும் சிவப்பும் இருக்கும். தானாகவே உதிர்ந்த ஒரு துணுக்கைச் சிரட்டையில் தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊறப் போடுங்கள். காலையில் சேறாகக் கரைந்திருந்தால் சூடு போதாது. கரையாமல் இருந்தால் நல்ல அறிகுறி. வெடித்துச் சரிந்த பகுதியையும் மரவேர் தூக்கிய பகுதியையும் விட்டுவிடுங்கள். அவை ஆறிய பிறகு அசைந்தவை.

சரி, இனி வேலை. பித்தளைத் தகடு அல்லது மூங்கில் கத்தியால், சுட்ட மண்ணில் கைமுட்டி அளவு மேடை ஒன்று நிற்கும்படி சுற்றிவரச் செதுக்குங்கள். அடி தரையோடு ஒட்டியே இருக்க வேண்டும். தூசைத் தூரிகையால் தட்டி, தண்ணீரை இலேசாகத் தெளியுங்கள். காய்ந்த மண் சாந்தின் ஈரத்தை இழுத்துவிடும். பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை வளையமாக மேடையைச் சுற்றி வைத்து, பரிசுச் சாந்தை (பிளாஸ்டர் ஒஃப் பரிஸ்) தயிர்ப் பதத்தில் கரைத்து ஊற்றுங்கள். அதன் மேல் சின்னக் கண்ணாடித் தகட்டை வைத்து, தகட்டின் மேல் மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டத்தை வையுங்கள். குமிழி நடுவுக்கு வரும்வரை விரல் நுனியால் அழுத்துங்கள். பிறகு நீர்மட்டத்தைக் குறுக்காகத் திருப்பி மறுபடி. இரண்டு பக்கமும் சரியாகும்போது சாந்து இறுகத் தொடங்கியிருக்கும், அதனால் பேச்சுக் கொடுக்காமல் செய்ய வேண்டிய வேலை இது. இறுகியதும் நீர்மட்டத்தை எடுத்துவிட்டுத் தகட்டைப் பக்கவாட்டில் வழுக்கி எடுங்கள். இனி அந்த வெள்ளை முகம்தான் உங்கள் கிடைமட்டம்.

அதில் வடக்கைக் குறிக்க ஊசித் திசைகாட்டியை மட்டும் நம்பக்கூடாது. சேருவில பக்கம் நிலத்தடியில் செம்போடு மக்னடைட் படிவு இருக்கிறது. அங்கே ஊசி எந்தப் பக்கமும் இழுபடலாம். சுட்ட தரைகூடக் கொஞ்சம் இழுக்கும். கைத்தொலைபேசித் திசைகாட்டியும் உள்ளே காந்த உணரிதான், அதனால் அதுவும் அதே பிழையைத்தான் காட்டும். சூரியனைப் பாவியுங்கள். ஒரு நேரான ஈர்க்கைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக வெள்ளை முகத்தில் நிறுத்தி, நிழலின் நடுவால் பென்சிலால் கோடு இழுங்கள். ஈர்க்கிலிருந்து வெளியே போகும் பக்கம் அம்புக்குறி போட்டு, தொலைபேசி காட்டும் நேரத்தை உடனே எழுதுங்கள். இடமும் நேரமும் தெரிந்தால் சூரியன் நின்ற திசையைக் கணக்கிட்டுவிடலாம். நிழல் அதற்கு நேர் எதிர்.

காலை 9 மணிக்கு முன், அல்லது பின்னேரம் 4 மணியளவில் இதைச் செய்வது நல்லது. அப்போது எங்கள் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேராக ஏறி இறங்குவதால் அதன் திசை மெதுவாகவே மாறும். ஒரு நிமிடம் பிசகினாலும் பெரிதாகக் கெடாது. உச்சியில் நிழல் கட்டையாகும், திசையும் மளமளவென்று திரும்பும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருவதால் மதியத்தில் நிழலே கிடையாது.

பிறகு இலக்கத்தை எழுதி, அடியை அறுத்து, கவிழ்த்து, அடிப்பக்கத்துக்கும் சாந்து பூசி எடுங்கள். ஒரு அடுப்பில் குறைந்தது எட்டு மாதிரி எடுக்க வேண்டும், பன்னிரண்டு என்றால் இன்னும் நல்லது. அதுவும் ஒரே மூலையில் அல்ல, சுற்றிவர. திசைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதிலிருந்துதான் விடையை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். ரொனால்ட் ஃபிஷர் 1953இல் தந்த, திசைகளைக் கோளத்தின் மேல் புள்ளிகளாக வைத்துக் கணக்கிடும் கோளப் புள்ளியியல் முறைதான் இன்றும் இதற்குப் பயன்படுகிறது.

மாதிரியை எடுத்துப்போகும்போது ஆட்டோவின் பின்சீட்டில் வைக்காதீர்கள். அங்கே இருக்கும் ஸ்பீக்கரின் காந்தம் சின்னதல்ல. வெயிலிலோ அடுப்படியிலோ காயவைக்கவும் கூடாது, நிழலில் தானாகக் காயட்டும். ஒட்டுமா என்று பார்க்கக் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோகும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு, அதைக் கண்டிப்பாகத் தடுங்கள்.

ஆய்வுகூடத்தில், பிற்காலத்தில் மேலே ஏறிய பலவீனமான காந்தத்தைப் படிப்படியாகச் சூடாக்கியோ மாறும் புலத்தில் வைத்தோ கழற்றி, அடியில் இருக்கும் பழைய திசையை அளப்பார்கள்.

இடம் பெயர்ந்த மட்பாண்ட ஓட்டுத்துண்டு வீண் என்று நினைக்க வேண்டாம். திசை போனாலும் புலத்தின் வலிமை அதில் பதிந்திருக்கிறது. எமில் தெலியேயும் ஒடெட் தெலியேயும் 1959இல் வெளியிட்ட முறையில், ஓட்டைப் படிப்படியாகச் சூடாக்கி, இழக்கும் பழைய காந்தத்தையும் தெரிந்த புலத்தில் ஏறும் புதியதையும் ஒப்பிட்டால் அன்றைய வலிமை வரும். இன்று எங்களிடம் அது சுமார் 40 மைக்ரோடெஸ்லா. வெருகலுக்கு அப்பால் கதிரவெளியில் இருக்கும் பெருங்கற்கால அடக்கங்கள் போன்ற இடங்களின் காலத்துக்கு இது முக்கியம். கரியில் அளந்த ரேடியோ காபனை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் அளவுத்திருத்த வளைகோடு கி.மு. 800 முதல் 400 வரை தட்டையாக இருப்பதால், கரியை மட்டும் வைத்து அந்த 400 ஆண்டுகளுக்குள் பிரித்துச் சொல்வது கடினம். காந்தம் அங்கே கைகொடுக்கும்.

ஆனால் காந்தம் தனியே நிற்காது. புலம் முன்பு இருந்த திசைக்கே திரும்பியும் வருவதால் ஒரே அளவுக்கு இரண்டு மூன்று காலங்கள் பொருந்தும். புலம் காலத்தோடு எப்படி மாறியது என்று காட்டும், நாம் ஒப்பிடும் வளைகோடும் எங்கள் பகுதிக்கு ஐரோப்பாவில் இருப்பது போல் நிறைந்ததல்ல. அதனால் அதே அடுப்பின் கரியையும் தனிப் பையில் எடுங்கள், எந்த மண்படையில் அடுப்பு இருந்தது என்று வரைந்து வையுங்கள். வயது தெரிந்த சூளைத் தரை கண்ணில் பட்டால் அதையும் விடாதீர்கள். எரித்த நாளை முதலாளியிடம் கேட்டு எழுதி, மாதிரியோடு சேர்த்து அனுப்புங்கள்.