சூடானால் மட்டும் பிரேக் பிடித்துக்கொள்ளும் பழைய ஜீப் ரக வண்டி: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

கிளம்பும்போது வண்டியில் ஒரு குறையும் இருக்காது. பத்து கிலோமீட்டர் தாண்டியதும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கும். பெடல் கல் மாதிரி இறுகிவிடும், லைனிங் கருகும் வாடை வரும். ஓரமாக அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். என் வண்டி மூன்று வாரம் இப்படி என்னை அலைக்கழித்தது. முதல் வேலையாக, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் முன் காலிப்பர் இரண்டையும் கழற்றி சீல் மாற்றினேன். பிறகு பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் மாற்றினேன். இரண்டிலுமே கோளாறு இல்லை. நான் சோதித்த வரிசைதான் தப்பு.

முதலில்: எந்த வீல் சூடாகிறது?

வண்டியை ஓட்டி, பிரேக் பிடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். டிரம்மையோ டிஸ்க்கையோ கையால் தொட வேண்டாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வேலைக்கு அதைவிட உபயோகமான கருவி இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பளபளக்கும் டிஸ்க் பரப்பில் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், இடது, வலது இரண்டிலும் ஒரே இடத்தைக் குறிவைத்து வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.

ஒரு வீல் மட்டும் சூடு என்றால் அந்த வீலிலோ அதன் ஹோஸிலோ பிரச்சினை. பின் வீல் இரண்டும் சேர்ந்து சூடு என்றால், பின் ஆக்சிலுக்கு இறங்கும் அந்த ஒற்றை ஹோஸையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். நான்கும் சூடு என்றால் வீல் பக்கமே போகாதீர்கள், மேலே, பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் (பெடலை மிதித்தால் ஆயிலை வீல்களுக்குத் தள்ளும் சிலிண்டர்) பாருங்கள். எனக்கு நான்கும் சூடாகத்தான் இருந்தது. முன் வீலில் வாடை அதிகம் வந்ததால் நான் பின்னால் போய்ப் பார்க்கவே இல்லை.

ஜாக்கி போடும்போது

பழைய வண்டிகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் வீலில் இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால், ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின் வீலைத் தூக்கினாலே, இரண்டு வீலையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வழியாக வண்டி நழுவிவிடலாம். தரையில் இருக்கும் வீல்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டும் போடுங்கள். அதன் பிறகுதான் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும்.

வீலைச் சுற்றினால் ஷாஃப்டும் கூடவே சுற்றும். கியர் ஆயிலின் மந்தமான இழுவை கையில் தெரியும். அது பிரேக் இல்லை. டிஸ்க் பிரேக்கில் பேட் லேசாக உரசும் சத்தமும் சகஜம். இரண்டு கையாலும் முக்கித் திருப்ப வேண்டியிருந்தால் அதுதான் நாம் தேடுவது.

மேலிருந்து கீழே: நான் சறுக்கிய இடம்

பிரேக் பிடித்த நிலையில் வீலில் காற்று எடுப்பதற்கென்று உள்ள பிளீடர் நிப்பிளைத் திறந்தேன். சர்ரென்று ஆயில் பீய்ச்சியது, வீல் சுதந்திரமாகச் சுற்றியது. 'ஆகா, காலிப்பர்தான்!' என்று முடிவு கட்டினேன். ஆனால் அழுத்தம் எங்கே அடைபட்டிருந்தாலும் நிப்பிளைத் திறந்தால் வீல் விடத்தான் செய்யும். தடயம் ஆயிலோடு சேர்ந்து வெளியே போய்விடும், மறுபடி ஓட்டிச் சூடாக்கினால்தான் அடுத்த சோதனை. அதனால் மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கி, வீலில் முடியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் தளர்த்திவிட்டு, வீல் விட்டதா என்று சுற்றிப் பாருங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு, பூஸ்டரோடு (மிதிக்கும் விசையைக் கூட்டும் டப்பா) மாஸ்டர் சிலிண்டரைப் பிடிக்கும் நட்டுகளைத் தளர்த்தி, சிலிண்டரை 2 முதல் 3 மில்லிமீட்டர் முன்னுக்கு நகர்த்துங்கள். பூஸ்டர் இல்லாத வண்டியில் அது பொருத்தப்பட்டிருக்கும் தகட்டிலிருந்து நகர்த்தினால் போதும். எந்தப் பைப்பையும் திறக்க வேண்டியதில்லை. வீல் விட்டுவிட்டால் கோளாறு பெடல், சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராட், பூஸ்டர் இந்த மூன்றில் ஒன்று.

விடவில்லையா? சூடான வீலுக்குப் போகும் பைப்பை மாஸ்டர் சிலிண்டர் முனையில் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். இப்போது விட்டால் கோளாறு சிலிண்டருக்கு உள்ளே. அப்போதும் விடவில்லை என்றால் இரும்புப் பைப்பும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தைத் தளர்த்துங்கள். இங்கே விட்டால் பைப் எங்கோ நசுங்கியிருக்கிறது. கல்லில் ஏறி இறங்கும் வண்டிக்கு இது நடக்கக்கூடியதுதான். நிப்பிள் கடைசியில். அதில் மட்டும் விட்டால் ஹோஸ் உள்ளே உரிந்து ஒருவழிக் கதவாகிவிட்டது என்று அர்த்தம். வெளியே பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், ஏமாறாதீர்கள். நிப்பிளிலும் விடவில்லை என்றால் ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை: துருப்பிடித்த பிஸ்டன், இறுகிய காலிப்பர் பின், அளவுக்கு மீறி டைட் வைத்த ஷூ, வீக்கான ரிட்டர்ன் ஸ்பிரிங், திரும்பாத ஹேண்ட் பிரேக் கேபிள் இவற்றில் ஒன்று.

பைப் நட்டுக்கு ஃப்ளேர் ஸ்பேனர், நிப்பிளுக்கு ஆறு பட்டை ரிங் ஸ்பேனர். சாதாரண ஓபன் ஸ்பேனர் பழைய நட்டின் முனையை மழுக்கிவிடும், பிறகு அது தனிக் கதை. ஹோஸை கிளாம்ப் போட்டு நசுக்கிச் சோதிப்பவர்கள் உண்டு. பழைய ரப்பரில் அதைச் செய்ய எனக்கு மனசு வராது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதவே வேண்டாம், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

என் வண்டியில் என்ன இருந்தது?

இரண்டு நட்டைத் தளர்த்தியதுமே நான்கு வீலும் விட்டன. மாஸ்டர் சிலிண்டருக்குள், ஆயில் தொட்டியான ரிசர்வாயருக்குப் போகும் ஊசி முனை அளவு துளை ஒன்று உண்டு. பெடலை விட்டதும் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வந்தால்தான் அது திறக்கும். துளி முன்னால் நின்றாலும் துளை மூடியபடியே இருக்கும். பிரேக் சூட்டில் ஆயில் விரியும், போக வழி இல்லாமல் பேடை அழுத்தும், அதனால் இன்னும் சூடாகும். ஆறினால் ஆயில் சுருங்கி விட்டுவிடும். அரை மணி நேர ஓய்வின் ரகசியம் இதுதான்.

பிஸ்டனைத் தடுத்தது எது? நானேதான். பிரேக் லைட் அணையவில்லை என்று சில மாதங்களுக்கு முன் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சை லைட் அணையும் வரை உள்ளே திருகியிருந்தேன். அந்தச் சுவிட்ச்தான் என் வண்டியில் பெடலுக்கு ஸ்டாப்பரும்கூட. அது பெடலை ஒரு மயிரிழை கீழே தள்ளி வைத்திருந்தது. இரண்டு சுற்று வெளியே எடுத்தேன், லாக் நட்டை இறுக்கினேன். அவ்வளவுதான். பெடலை விரலால் தொட்டால் தடை தொடங்கும் முன் கொஞ்சம் லூஸ் ஆட்டம் தெரிய வேண்டும், அளவு உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்த ஒருவருக்கு புஷ் ராடில் இடைவெளி சரியாக இருந்தும் பிடிப்பு போகவில்லை. ரிசர்வாயர் மூடிக்குள் இருக்கும் ரப்பரைப் பார்க்கச் சொன்னேன். உப்பிப்போய் மூடிக்குள் உட்காரவே இல்லையாம். யாரோ பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். பெட்ரோலிய ஆயில் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும், ஊதிய சீல் அதே துளையை மூடிவிடும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது: ஹோஸ், சீல் என்று எல்லா ரப்பரையும் மாற்றி, பைப்புகளைக் கழுவி, மூடியில் எழுதியிருக்கும் வகை பிரேக் ஆயிலை நிரப்ப வேண்டும். டாட் 3, டாட் 4 கேட்கும் வண்டியில் சிலிகான் வகையான டாட் 5 கலக்கக் கூடாது.

பைப்பைத் திறந்திருந்தால் காற்று எடுத்துவிட்டு, பெடல் கெட்டியாக நிற்கிறதா, எங்கும் கசிவு இல்லையா என்று பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். முன்பு பிடித்த அதே தூரம் ஓட்டி, நான்கு வீலையும் மறுபடி அளந்து பாருங்கள்.