சாஃப்ட்பால் பிட்சிங்: தோள் வலித்தால் காலைப் படம் பிடியுங்கள்

சாஃப்ட்பாலில் பந்து வீசும் பிட்சர் தோளின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டே ஓரமாக வந்து நின்றால், உடனே கையைத் திருத்தத்தான் தோன்றும். பல நேரம் கோளாறு கால் ஊன்றும் கணத்தில் இருக்கும். கீழிருந்து வீசுவதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. விண்ட்மில் எனப்படும் இந்த வீச்சில் கை முழு வட்டம் சுற்றி இறங்கும்போது மேற்கையின் முன்பக்கத்து பைசெப்ஸ் தசை கடுமையாக இழுபடுகிறது. ஓய்வில்லாமல் அடுத்தடுத்த நாள் ஆட்டம் என்றால் அந்த இழுப்பு சேர்ந்துகொண்டே போகும்.

இதைப் பார்க்க ஒரு கைபேசி, முக்காலி, கொஞ்சம் இன்சுலேஷன் டேப், கோலமாவு போதும். கைபேசியில் ஸ்லோமோஷனை விநாடிக்கு 240 ஃபிரேமில் (240 படம்) வையுங்கள்; ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 4 மில்லி விநாடிதான் இடைவெளி. சாதாரண 30 ஃபிரேமில் கை வெறும் புகையாகத்தான் தெரியும். வலது கை பிட்சருக்கு மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது அவருக்கு வலப்புறம், 6 மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில், வீச்சுப் பாதைக்குச் செங்குத்தாக முக்காலி நிற்கட்டும். ஜூம் வேண்டாம். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் டேப் துண்டு ஒட்டுங்கள். தொளதொள சட்டையின் மேல் ஒட்டினால் துணி நகரும், கோணம் பொய் சொல்லும். பிள்ளைகளைப் படமெடுக்கும் முன் வீட்டாரிடம் சம்மதம் கேட்டுவிடுங்கள்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஜூன், ஜூலையில் சாரல் விழும்போது பயிற்சி கூரைக்குள் போய்விடும். அங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல டியூப்லைட்டுகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். கதவோரம் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பந்து ஈரமாக இருந்தால் அன்றைய படத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வழுக்கும் என்று பயந்து கை இறுகிப் பிடிக்கும், வீச்சே மாறிவிடும்.

உடலைச் சூடேற்றிய பின் 5 பந்து, பயிற்சி முடியும் நேரத்தில் 5 பந்து எடுங்கள். களைப்பில்தான் உண்மையான கோளாறு வெளியே வரும். கினோவியா என்ற இலவச மென்பொருளில் போட்டு ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள்.

முதலில் முன்கால் தரையைத் தொடும் படத்தில் நிறுத்துங்கள். பிட்சரைக் கடிகார முகமாக நினைத்தால், கை தலைக்கு மேலே 12 மணியைத் தாண்டி, முதுகுப் பக்கம் 9 மணியை நெருங்கிக்கொண்டிருக்க வேண்டும். கை அதற்குள் 9 மணிக்குக் கீழே இறங்கிவிட்டதா? கால் தரும் பிடிமானம் தாமதமாகிறது. வேகத்தைத் தோளும் முழங்கையும் தனியாகத் தூக்குகின்றன. கையை மெதுவாக்கச் சொல்லாதீர்கள். காலைச் சீக்கிரம் ஊன்றச் சொல்லுங்கள். பந்தில்லாமல், பிறகு அரை வேகத்தில், பழக்குங்கள்.

அடுத்தது பாதம். பிட்சர் நிற்கும் பிட்சிங் பிளேட்டிலிருந்து, பந்து போய்ச்சேரும் ஹோம் பிளேட்டை நோக்கிக் கோலமாவில் ஒரு நேர்கோடு இழுத்துவிடுங்கள். பாதம் விழுந்த இடம் மாவில் பதிந்துவிடும், இதற்குக் கேமராகூட வேண்டாம். வலது கை பிட்சரின் தடம் கோட்டை வெட்டி வலப்பக்கம் போனால் கை இடுப்பைச் சுற்றிவர வேண்டியிருக்கும். இடப்பக்கம் விலகினால் கை உடலைவிட்டு அகன்று சுழலும். கால் விரல்கள் நேராக கேட்சரை (ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவரை) பார்த்தால் இடுப்பு முன்கூட்டியே அவர் பக்கம் திரும்பிவிடும்; சற்று மூன்றாம் பேஸ் பக்கம் சாய்ந்து விழுவது நல்லது.

பந்து கையைவிட்டுப் போகும் படத்தைக் கேட்சருக்குப் பின்னாலிருந்தும் ஒருமுறை எடுங்கள். உடம்பு பக்கவாட்டில் சாய்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

வேகமும் வேண்டுமென்றால் இன்னும் பின்னால் போய், பந்து விடும் இடமும் ஹோம் பிளேட்டும் ஒரே சட்டத்தில் விழும்படி எடுங்கள். தூரம் 11 மீட்டர், 132 படம் ஓடியது என்றால் 0.55 விநாடி, மணிக்கு 72 கிலோமீட்டர்.

ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் போதும். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். முக்காலி நின்ற இடத்தில் ஓர் ஆணி அடித்து வையுங்கள், இடம் மாறினால் ஒப்பிட முடியாது. இரவில் படுக்கும்போதும் தோள் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் பந்தை வாங்கி வைத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அந்த வீடியோவையும் காட்டுங்கள்.