அனலொக் ஸ்டிக் பழுது எண்டு எறிய முன்னம்: கன பேர் விடுற பிழையள்

கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் பெடியள் கொம்பியூட்டரில பெஸ் எண்ட உதைபந்தாட்ட கேம் விளையாட முதல்முதல் வாங்கிறது மலிவான யூஎஸ்பி கொன்ட்ரோலர்தான். அதின்ர நடுவில அனலொக் எண்டு ஒரு பட்டன் இருக்கும், அமத்தினா சிவப்பு லைற் எரியும். அந்த லைற் எரியாட்டி இடது ஸ்டிக் (பெருவிரலால தள்ளுற குட்டித் தடி) வெறும் அம்புக்குறி பட்டனாத்தான் வேலை செய்யும், கன மொடல்களில வலது ஸ்டிக் மற்றப் பக்கத்து நாலு பட்டனாவே மாறிடும், அப்ப கமராவைத் திருப்பப் போனா ஆள் பந்தை உதைச்சுப்போடுவான். உடன ஸ்டிக் செத்துப்போச்சு எண்டு தூக்கி எறியிறது. ஒருக்கா லைற்றைப் பாருங்கோ.

விண்டோஸில ரன் பெட்டியைத் திறந்து ஜே ஓ வை புள்ளி சி பி எல் எண்டு இங்கிலீஸில அடிச்சா கொன்ட்ரோலர் சோதிக்கிற இடம் வரும். ஸ்டிக்கை மெல்ல மெல்லத் தள்ளுங்கோ, கட்டத்துக்குள்ள இருக்கிற சிலுவைக் குறியும் மெல்ல நகர்ந்தா அனலொக் வேலை செய்யுது, ஒரேயடியா ஓரத்துக்குப் பாய்ஞ்சா டிஜிட்டல் மோட்டில, அதாவது லைற் எரியாத நிலையில கிடக்கு.

பழைய பிளேஸ்டேசன் கேமுகளில பிழை மறுபக்கம். 1994 இல வந்த கொன்ட்ரோலரில ஸ்டிக்கே இல்லை, ரெண்டு ஸ்டிக் வைச்ச டுவல்ஷொக் கொன்ட்ரோலர் 1997 இலதான் வந்தது, அதால முந்தின சில கேமுகள் லைற் எரிஞ்சா கொன்ட்ரோலரையே கண்டுபிடிக்காது. அதுகளுக்கு லைற்றை நூத்துப்போட்டு விளையாடுங்கோ.

இனி டெட்சோன். இதிலதான் கன பேர் தங்கட கையாலயே கேமைக் கெடுக்கினம். ஸ்டிக் நடுவில நிக்கேக்க வாற சின்ன அசைவைக் கணக்கெடுக்காம விடுற இடம்தான் டெட்சோன். கொன்ட்ரோலரை கேம் வாசிக்கிறதுக்கு மைக்ரோசொஃப்ட் செய்த எக்ஸ்இன்புட் முறையில ஸ்டிக்கின்ர அளவு நடுவில இருந்து 32767 வரைக்கும் போகும், அதில இடது ஸ்டிக்குக்கு 7849 வரைக்கும் விடச்சொல்லி அவையே ஒரு அளவு குடுத்திருக்கினம், கிட்டத்தட்ட கால்வாசி. கேம் ஏற்கனவே இப்பிடி வெட்டிறது தெரியாம, கேமை வாங்கி ஓடவைக்கிற ஸ்டீம் மென்பொருளிலயும் ஒரு டெட்சோனைப் போட்டா ரெண்டும் சேர்ந்து வெட்டும், பிறகு குறி பாக்கேக்க கொஞ்சமாத் தள்ளினா அசையாது, இன்னும் தள்ளினா ஒரேயடியாப் பாயும். ஒரு இடத்தில மட்டும் வையுங்கோ. ஸ்டிக்கைத் தொடாமலே ஆள் நடந்தா சைபரில இருந்து கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி, அவன் நிக்கிற இடத்தில நிப்பாட்டுங்கோ, அதுக்கு மேல கூட்டவே வேண்டாம்.

வயரைக் கொழுவேக்க பெருவிரலை ஸ்டிக்கில வைக்காதேங்கோ, சில கொன்ட்ரோலர் அந்த நேரம் நிக்கிற இடத்தைத்தான் நடு எண்டு எடுக்கும்.

பிறகு எங்கட புழுதி. சோளகம் அடிக்கேக்க செம்மண் எல்லாத்துக்குள்ளயும் போகும், விளையாடி முடிய ஒரு துணியால மூடி வையுங்கோ. உள்ளுக்க இருக்கிறது பொடன்சியோமீற்றர், பழைய ரேடியோவில சத்தம் கூட்டிற திருகிக்குள்ள இருக்கிற அதே சாதிச் சாமான், கார்பன் தடத்தில ஒரு சின்னத் தகடு உரசிக்கொண்டு ஓடும். அதுக்குள்ள தேங்காயெண்ணெய், கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்ப்ரே ஒண்டும் விடாதேங்கோ, எண்ணெய் புழுதியைப் பிடிச்சு வைச்சிருக்கும். வயரைக் கழட்டிப்போட்டு ஐசோபுரொபைல் அல்கஹோல் கொஞ்சம் விட்டு, ஸ்டிக்கை நல்லாச் சுத்தி, முழுசாக் காய்ஞ்ச பிறகு கொழுவுங்கோ. தடம் தேய்ஞ்சிருந்தா இது கனநாளைக்குத் தாங்காது.

அப்ப மாத்தத்தான் வேணும். ஹோல் இஃபெக்ட் ஸ்டிக்கில காந்தம்தான் வேலை செய்யுது, அளக்கிற இடத்தில உரசலே இல்லாததால அப்பிடித் தேயாது. புதுசு எண்டு நினைக்காதேங்கோ, 1998 இல வந்த ட்ரீம்காஸ்ட் கேம் மெசினின்ர கொன்ட்ரோலரிலயே இருந்தது. ஆனா பிளேஸ்டேசன் 4 இன்ர கொன்ட்ரோலரான டுவல்ஷொக் 4 இல ஒரு ஸ்டிக்கை மாத்த 14 இடத்தில ஈயம் கழட்டி ஒட்டவேணும், பலகையில இருக்கிற மெல்லிய செப்புக் கோடு கிளம்பினா முழுக் கொன்ட்ரோலரும் போச்சு. போன் திருத்திற கடையில குடுக்கிறதெண்டா முந்திச் செய்திருக்கினமோ எண்டு கேளுங்கோ, மாத்தின பிறகு நடுவைத் திருப்பி செற் பண்ணித் தருவினமோ எண்டும் கேளுங்கோ.