செய்முறை வகுப்பில் மாணவர் ஆர்வம் குறையக் காரணமான தவறுகள்

மருத்துவ ஆய்வகம், ஈசிஜி, எக்ஸ்ரே போன்ற தொழில்நுட்பப் படிப்புகளில் செய்முறை வகுப்பு என்றாலே மாணவர்கள் தானாக உற்சாகமாகிவிடுவார்கள் என்று நினைக்கிறோம். ஒரே கருவியைச் சுற்றி இருபது பேர் நின்றால் அது நடக்காது. முன்னால் நிற்கும் மூன்று பேருக்குத்தான் ஏதாவது தெரியும். மற்றவர்களுக்கு அங்கே வேலையே இல்லை.

கருவி ஒன்றுதான் என்றாலும் வேலையைப் பிரிக்கலாம். ரத்தம் எடுக்கும் பயிற்சியில் ஒருவர் செயற்கைக் கையில் ஊசி போடட்டும், இன்னொருவர் ஒவ்வொரு படியையும் பட்டியலில் குறிக்கட்டும், மூன்றாமவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கமாக இருக்கக்கூடாது என்பது, நேரம் பார்த்தவருக்கு அப்புறம் மறக்காது.

அடுத்த தவறு, செய்துகாட்டிக்கொண்டே விடாமல் பேசுவது. கண் ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் போய்விடும். பெய்டன் என்ற அறுவை மருத்துவர் வகுத்த நான்கு படி முறை இதற்கு நன்றாக உதவுகிறது. முதலில் ஆசிரியர் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்துகாட்டுவார். பிறகு விளக்கிக்கொண்டே நிதானமாகச் செய்வார். மூன்றாவதாக மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். கடைசியில் மாணவரே சொல்லிச் செய்வார். நேரமில்லை என்று பலர் விட்டுவிடுவது மூன்றாவது படியை. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமானது. மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பது ஊசியைத் தொடும் முன்பே தெரிந்துவிடும்.

மாணவர் தவறினால் உடனே கருவியைக் கையிலிருந்து வாங்கிவிடுவதும் கூடாது. ஈசிஜியில் மார்பில் ஒட்டும் வி1, வி2 மின்வாய்களை மேலே தள்ளி ஒட்டுவது அடிக்கடி நடக்கும். நாமே எடுத்துச் சரியான இடத்தில் ஒட்டினால் அவர் எதையும் கற்கவில்லை. "இது எத்தனையாவது விலா இடைவெளி? எங்கிருந்து எண்ணினாய்?" என்று கேளுங்கள். மார்பெலும்பின் மேட்டைத் தடவி, அங்கே இரண்டாவது விலாவைப் பிடித்து, நான்காவது இடைவெளிக்கு அவரே இறங்கி வருவார். நோயாளிக்கு ஆபத்து என்றால் மட்டும் உடனே தலையிட வேண்டும்.

பிழையை ஒளிப்பதும் வீண். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் உள்ள குழாயில் ரத்தம் பிடித்த பிறகு, சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) எடுக்கும் குழாயில் பிடிக்கக்கூடாது என்று வெறும் விதியாகச் சொன்னால் மனப்பாடம் செய்து மறந்துவிடுவார்கள். மீந்த சீரத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் பொட்டாசியம் ஈடிடிஏ குழாயின் பிளாஸ்மாவை (உறையாத ரத்தத்தின் திரவப் பகுதியை) கொஞ்சம் கலந்து, இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். கலந்ததில் பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கியிருக்கும். அந்த அறிக்கையை நம்பி மருத்துவர் சிகிச்சை கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர்களே கேட்க ஆரம்பிப்பார்கள்.

ஒருமுறை சரியாகச் செய்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு முடிப்பது இன்னொரு தவறு. சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவிப் பயிற்சி, சில மாதங்களிலேயே கைவிட்டுப் போகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் என்று வாயால் சொல்பவர்கள்கூடப் பொம்மையில் செய்யும்போது ஆழம் போதாமல் அழுத்துவார்கள். வருடத்துக்கு ஒரு முழுநாள் பயிற்சி வைத்து அதோடு நிறுத்தாமல், மாதாமாதம் இரண்டு நிமிடமாவது பொம்மையில் அழுத்த விடுங்கள்.