பழைய ஃப்ரிட்ஜில் பீரை நொதிக்க வைப்பது எப்படி?

வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் மால்ட்டையும் ஹாப்ஸையும் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நொதிக்கும் நாட்களின் வெப்பநிலை மீது காட்டுவதில்லை. சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும்போது ஈஸ்ட் தானே வெப்பத்தை வெளியிடுவதால், அறை 22 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் கலனுக்குள் இருக்கும் வோர்ட் (பீராக மாறவிருக்கும் மால்ட் சாறு) 25 டிகிரியைத் தொட்டுவிடக்கூடும். பீரின் இரு முக்கிய வகைகளில், ஏல் ஈஸ்ட்டுகளில் பலவற்றுக்கு 18 முதல் 20 டிகிரியும், லாகர் ஈஸ்ட்டுகளுக்கு 9 முதல் 13 டிகிரியும் ஏற்றவை. முதல் மூன்று நாட்களில் சூடு மீறினால் தொண்டையைச் சுடும் கனரக ஆல்கஹால்கள் உருவாகிவிடும். பிறகு எத்தனை வாரம் காத்திருந்தாலும் அந்தக் காரம் முழுதாக விலகுவதில்லை. பயன்படாமல் கிடக்கும் ஒரு ஃப்ரிட்ஜ் இதற்கு மிக நல்ல தீர்வு.

ஃப்ரிட்ஜின் சொந்த தெர்மோஸ்டாட் உணவுக்கான குளிரில்தான் இயங்கும். அந்தக் குளிரில் ஏல் ஈஸ்ட் உறங்கிவிடும். ஆகவே, தனியாக ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி தேவை. கருவியைச் சுவர் பிளக்கிலும், ஃப்ரிட்ஜைக் கருவியிலும் இணைத்து, ஃப்ரிட்ஜின் திருகியை அதிகபட்சக் குளிரில் வைத்துவிட்டால், எப்போது ஓட வேண்டும் என்பதைக் கருவியே முடிவு செய்யும். திருகி உள்ள பழைய மாடல்தான் என் தேர்வு. மின்னணுப் பலகை உள்ளதாக இருந்தால், மின்சாரம் போய் வந்ததும் தானாக ஓடத் தொடங்குகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கலன் உள்ளே நுழையுமா என்பதை அளந்து பாருங்கள். 20 லிட்டர் வோர்ட் நிரம்பிய கலன் 20 கிலோவுக்கும் மேல் எடை கொண்டது என்பதால், கண்ணாடித் தட்டுகளை எடுத்துவிட்டுக் கனமான பலகையின்மேல் வைக்க வேண்டும். கருவியின் வெப்பநிலை சென்சார் வயருக்காக ஃப்ரிட்ஜின் சுவரில் துளையிடாதீர்கள். குளிர்வாயுக் குழாய்கள் சுவருக்குள் மறைந்திருக்கும், பல ஃப்ரிட்ஜ்களில் அந்த வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. மெல்லிய வயர் கதவின் ரப்பர் பட்டைக்கு இடையிலேயே சென்றுவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சென்சாரின் இடம். நாம் கட்டுப்படுத்த வேண்டியது பீரின் வெப்பத்தை, காற்றின் வெப்பத்தை அல்ல. சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால், காற்று சில நிமிடங்களில் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். திரவமோ அசைந்தே கொடுத்திருக்காது. எனவே திரவ மட்டத்துக்குக் கீழே, கலனின் நடு உயரத்தில் சென்சாரை வைத்து, அதன்மேல் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஸ்பாஞ்சை அழுத்தி, குளிர்காற்று புகாதபடி நான்கு ஓரங்களிலும் டேப் ஒட்டுங்கள். ஒருமுறை ஈரத்தில் டேப் உரிந்து என் சென்சார் கீழே விழுந்துவிட்டது. திரையில் 19 என்றே இருந்தது. கலனில் ஒட்டியிருந்த வெப்பமானிப் பட்டையோ 24 காட்டியது. அன்றிலிருந்து டேப்புக்கு மேல் ஒரு எலாஸ்டிக் பட்டையையும் இழுத்துக் கட்டுகிறேன்.

கருவியில் இலக்கை 19 டிகிரியாகவும், ஏற்ற இறக்க அளவை ஒரு டிகிரியாகவும், கம்ப்ரசர் தாமதத்தை ஐந்து நிமிடங்களாகவும் அமைக்கலாம். நின்ற கம்ப்ரசர் உள்ளழுத்தம் சமநிலைக்கு வருவதற்குள் மீண்டும் கிளம்பினால் மோட்டார் திணறும்; அதற்காகவே இந்தத் தாமதம். வோர்ட்டை ஊற்றுவதற்கு முன்பு, கலனில் தண்ணீர் நிரப்பி ஒரு முழு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். குளிரான இடமாக இருந்தால், கருவியின் வெப்பமூட்டும் பிளக்கில் கலனைச் சுற்றும் ஹீட்டர் பட்டையை இணைக்கலாம்.

நொதிப்பு தணியத் தொடங்கியதும் ஏலுக்கு இரண்டு டிகிரி உயர்த்துங்கள்; லாகரை 16 டிகிரிக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்தால் வெண்ணெய் வாசம் தரும் டயசிட்டைலை ஈஸ்ட்டே உறிஞ்சிக்கொள்ளும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாட்கள் ஒரே அளவைக் காட்டிய பிறகு, பீரைத் தெளிய வைக்க 2 டிகிரிக்கு இறக்கலாம். குளிரில் கலனுக்குள் அழுத்தம் குறைந்து ஏர்லாக்கின் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத நீர் அடைப்பான்) நீரை உள்ளிழுக்கும் என்பதால், முன்கூட்டியே அந்த நீரைக் குறைத்துவிடுங்கள்.

மூடிய பெட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். கதவைத் திறந்ததும் முகத்தை உள்ளே நீட்டாமல் சற்று விலகி நில்லுங்கள். உட்சுவரின் ஈரத்தை வாரம் ஒருமுறை துடைத்து, ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா ஒன்றை ஓரத்தில் வைத்தால் பூஞ்சை அண்டாது. பயன்பாட்டில் இல்லாதபோது, கதவு முழுதாகச் சாத்திக்கொள்ளாதபடி ஒரு மடித்த துணியை இடையில் செருகி வையுங்கள்.