மெமரி கார்டில் பெரிதாக அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

மீன்கொத்தி தண்ணீரில் பாய்ந்து மீனோடு மேலே வர ஓரிரு நொடிதான் ஆகும். அந்த ஒரு காட்சிக்காக அன்று காலை இரண்டு மணி நேரம் குளக்கரையில் உட்கார்ந்திருந்தேன். கிளையில் இருந்த பறவை தலையை மேலும் கீழும் ஆட்டியது. பாயப்போகிறது என்று நினைத்து ஷட்டரை அழுத்திப் பிடித்தேன், பாயவில்லை. மறுபடி ஆட்டியது, மறுபடி அழுத்தினேன். மூன்றாவது முறை உண்மையாகவே பாய்ந்தது. அதுவரை படபடவென்று ஓடிய ஷட்டர், அப்போது பார்த்து 'டக்' என்று ஒன்று அடித்து நின்றது. ஒரு மூச்சு விட்டு இன்னொரு 'டக்'. கார்டில் எழுதுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. பறவை மீனோடு கிளைக்குத் திரும்பி, மீனை அடித்து விழுங்கியும் முடித்துவிட்டது.

கேமராவில் கோளாறு இல்லை. உள்ளே இருந்த கார்டில் '170 எம்பி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த 170 எதைக் குறிக்கிறது என்று அன்று மாலைதான் உட்கார்ந்து படித்தேன். அதற்குப் பிறகு எனக்கும், கேட்ட நண்பர்களுக்கும் நிறைய கார்டு பார்த்து வாங்கிவிட்டேன். எதைப் பார்க்க வேண்டும், எதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெரிய எண். அது படிக்கும் வேகம், அதாவது கார்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கும்போது கிடைக்கும் வேகம். அதற்கும் முன்னால் 'அதிகபட்சம்' என்ற பொருளில் ஒரு சொல் பொடி எழுத்தில் இருக்கும். நாம் படம் எடுக்கும்போது கேமரா கார்டில் எழுதுகிறது, படிப்பதில்லை. எழுதும் வேகம் அநேகமாக எப்போதும் குறைவு. கார்டுக்குள் படங்களைச் சேமிக்கும் ஃபிளாஷ் சிப்பில் ஏற்கெனவே இருப்பதன் மேல் நேரடியாக எழுத முடியாது. ஒரு பெரிய கட்டத்தை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் அங்கே புதிதாக எழுத முடியும், அதற்கு நேரம் பிடிக்கிறது. எழுதும் வேகத்தைத் தேடினால் கார்டு வரும் உறை அட்டையின் பின்பக்கத்திலோ தயாரிப்பாளரின் விவரப் பக்கத்திலோ கிடைக்கும். எங்குமே சொல்லாத கார்டை நான் வாங்குவதில்லை. பழைய கார்டுகள் சிலவற்றில் '633 எக்ஸ்' என்பது போல இருக்கும். அது பழைய சிடி டிரைவின் வேகமான நொடிக்கு 150 கேபியை ஒன்று என்று வைத்துப் பெருக்கிய கணக்கு. 633 எக்ஸ் என்றால் சுமார் 95 எம்பி. அதுவும் பெரும்பாலும் படிக்கும் வேகம்தான்.

சரி, நம்பக்கூடிய எண் எது? கார்டின் மேல் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். சி என்ற எழுத்துக்குள் 10, யூ என்ற எழுத்துக்குள் 1 அல்லது 3, வி என்ற எழுத்தோடு 30, 60, 90. இவை குறைந்தபட்ச எழுதும் வேகத்துக்கான உறுதி. தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு இத்தனை எம்பிக்குக் கீழே இறங்காது என்று பொருள். சி10-க்கும் யூ1-க்கும் 10 எம்பி, யூ3-க்கும் வி30-க்கும் 30 எம்பி, வி60-க்கு 60, வி90-க்கு 90. ஏ1, ஏ2 என்று இன்னொரு குறியும் இருக்கும். அது ஃபோனில் செயலிகளை ஓட்டுவதற்கானது, கேமராவுக்கு அதைப் பார்க்க வேண்டாம்.

வீடியோ எடுப்பவருக்குக் கணக்கு சுலபம். கேமராவின் மெனுவில் பதிவு வேகம் மெகாபிட்டில் இருக்கும், கார்டில் இருப்பது மெகாபைட். எட்டால் வகுத்தால் முடிந்தது. 100 மெகாபிட் வீடியோ நொடிக்கு 12.5 எம்பி. இவ்வளவு குறைவாக இருந்தும் 100 மெகாபிட்டுக்குக் கேமராக் கையேடு யூ3 கார்டு கேட்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். யூ1 உறுதி சொல்வது 10 எம்பிக்குத்தான், நமக்குத் தேவை 12.5, அதற்கு அடுத்த படி 30. வேறு காரணம் இல்லை. 400 மெகாபிட் என்றால் 50 எம்பி, வி60 வேண்டும். 600 மெகாபிட் என்றால் 75 எம்பி, வி90 வேண்டும். 100 மெகாபிட்டில் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் 45 ஜிபி ஆகும் என்பதையும் மனதில் வைத்து அளவைத் தேர்ந்தெடுங்கள்.

தொடர்ச்சியாகப் படம் எடுப்பவருக்குக் கதை வேறு. இங்கே பஃபர் என்ற ஒன்று நடுவில் இருக்கிறது. கேமரா எடுத்த படங்களை முதலில் தன் சொந்த நினைவகத்தில் போட்டு வைத்துக்கொள்ளும், அங்கிருந்து கார்டுக்குத் தள்ளும். வாளியில் குழாய்த் தண்ணீர் விழுகிறது, அடியில் ஒரு ஓட்டை வழியாக வெளியே போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் உங்கள் விரல், ஓட்டை கார்டு. வாளி நிரம்பினால் ஓட்டை எவ்வளவு பெரிதோ அந்த வேகத்தில்தான் அடுத்த படம் எடுக்க முடியும்.

எண்ணில் சொல்கிறேன். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல், அதாவது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதியும் படம், சுமார் 30 எம்பி என்று வைப்போம். நொடிக்கு 10 படம் வீதம் இரண்டு நொடி அழுத்தினால் 20 படம், 600 எம்பி. கார்டு நொடிக்கு 30 எம்பி எழுதினால் இதைக் காலி செய்ய 20 நொடி. 80 எம்பி எழுதினால் ஏழரை நொடி. 200 எம்பி எழுதினால் 3 நொடி. மீன்கொத்தி இரண்டு முறை என்னை ஏமாற்றியபோதே என் பஃபர் நிரம்பிவிட்டது. வேகமான கார்டு இருந்திருந்தால், அது மூன்றாவது முறை தலையை ஆட்டுவதற்குள் வாளி காலியாகியிருக்கும். பறவை, விளையாட்டு, ஓடும் குழந்தை எடுப்பவருக்கு கார்டில் போடும் பணம் நேராகப் படத்தில் தெரியும். நிலக்காட்சி எடுப்பவருக்கும், ட்ரைபாடில் வைத்து ஒவ்வொன்றாக எடுப்பவருக்கும் நல்ல வி30 கார்டு தாராளமாகப் போதும். சுருக்கிய சிறிய ஃபைலான ஜேபெக் மட்டும் எடுப்பவருக்கும் அதே.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமானது. கார்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும் கேமராவில் அதைச் செருகும் ஸ்லாட் அனுமதிக்கும் அளவுக்குத்தான் ஓடும். ஒரு எஸ்டி கார்டைத் திருப்பிப் பாருங்கள். மேல் விளிம்பில் பொன்னிறத் தகடுகள் ஒரு வரிசையாக இருக்கும். அது யூஹெச்எஸ்-1 என்ற பாதை வகை. அதற்குக் கீழே இரண்டாவதாக இன்னொரு வரிசை இருந்தால் அது யூஹெச்எஸ்-2. முன்பக்கத்தில் இதை ரோமன் எண்ணில் ஒற்றைக் கோடாகவோ இரட்டைக் கோடாகவோ குறித்திருப்பார்கள். யூஹெச்எஸ்-1 பாதையின் உச்ச வேகம் நொடிக்கு 104 எம்பி, நடைமுறையில் 90-ஐ ஒட்டி வந்தாலே நன்று. யூஹெச்எஸ்-2-இன் உச்சம் 312 எம்பி. இரண்டாம் வரிசைத் தகடுகளைத் தொட ஸ்லாட்டுக்குள்ளும் அதற்கான ஊசிகள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யூஹெச்எஸ்-2 கார்டு பேசாமல் யூஹெச்எஸ்-1 ஆகவே ஓடும். படம் பதிவாகும், வேகம் மட்டும் வராது. யூஹெச்எஸ்-1 ஸ்லாட் உள்ள கேமராவுக்கு விலை கூடிய வி90 கார்டு வாங்கி வந்து, வேகமே தெரியவில்லையே என்று வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நல்ல யூஹெச்எஸ்-1 கார்டு வாங்கியிருந்தால் மிச்சப் பணத்தில் இரண்டாவது கார்டே வந்திருக்கும்.

என் 170 எம்பி கார்டு யூஹெச்எஸ்-1 தான். 104-ஐத் தாண்ட முடியாத பாதையில் 170 எப்படி வந்தது? அந்தத் தயாரிப்பாளர் விற்கும் தனி ரீடரில் போட்டுக் கம்ப்யூட்டருக்கு எடுக்கும்போது மட்டும் கிடைக்கும் வேகம் அது. கேமராவுக்குள் அதற்கு வேலையே இல்லை.

ஆகவே கார்டு தேடும் முன் கேமராவின் கையேட்டைத் திறந்து ஸ்லாட் என்ன வகை என்று பாருங்கள். இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள், ஏனென்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சோனி ஏ7-இன் மூன்றாம் பதிப்பில் முதல் ஸ்லாட் யூஹெச்எஸ்-2, இரண்டாவது யூஹெச்எஸ்-1. அப்படிப்பட்ட கேமராவில் ஒரே படத்தை இரண்டு கார்டிலும் பதியும்படி வைத்தால் மெதுவான ஸ்லாட்டின் வேகத்துக்குத்தான் எல்லாம் நகரும். நான் பறவை எடுக்கும்போது வேகமான ஸ்லாட்டில் ராவும், மற்றதில் சிறிய ஜேபெக்கும் போகும்படி வைத்துவிடுவேன். ஒரு கார்டு போனாலும் படம் என்று ஒன்று கையில் இருக்கும், வேகமும் அவ்வளவாக அடிவாங்காது.

சில கேமராக்கள் எஸ்டியைத் தாண்டிப் போய்விட்டன. சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வகை, கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி வேலை செய்யும் முறையில் ஓடுவது. டைப் ஏ என்பது எஸ்டியைவிடச் சின்னது, சோனி கேமராக்கள் சிலவற்றில் இருக்கிறது. டைப் பி பெரியது, நிக்கான் இசட்8, கேனான் ஆர்5 போன்றவற்றில் இருக்கிறது. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் நுழையாது. உங்கள் கேமரா இதைக் கேட்டால் மட்டும் யோசித்தால் போதும்.

அளவு பற்றி என் கருத்து: ஒரு 256-க்குப் பதில் இரண்டு 128. கார்டு என்பது தொலையும், உடையும், சில நேரம் காரணமே இல்லாமல் செத்துப்போகும். ஒரு நாள் உழைப்பு முழுவதையும் ஒரே விரல்நக அளவுப் பொருளில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி, அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி. மிகப் பழைய கேமரா வைத்திருப்பவர் எஸ்டிஎக்ஸ்சியை அது ஏற்குமா என்று பார்த்துவிட்டு வாங்கவும். 128 ஜிபி கார்டை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால் 119 என்று காட்டும். அது ஏமாற்று இல்லை, தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது.

உண்மையான ஏமாற்று வேறு மாதிரி நடக்கும். என் நண்பர் ஒருவர் பாதி விலைக்கு 256 ஜிபி கார்டு வாங்கினார். அட்டை, எழுத்து, நிறம் எல்லாம் அசல் மாதிரியே. பத்து நாள் நன்றாக ஓடியது. ஒரு பயணத்தில் முதல் முறையாக நிறைய எடுத்துவிட்டு வந்து பார்த்தால், குறிப்பிட்ட ஒரு படத்துக்கு அப்புறம் எல்லாம் பாதி சாம்பல் நிறம், மீதி திறக்கவே இல்லை. உள்ளே இருந்தது சின்னச் சிப். 256 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றி வைத்திருந்தார்கள். இடம் தீர்ந்த பிறகும் 'பதிந்துவிட்டேன்' என்றே அது கேமராவிடம் சொல்லும். ஃபைல் பெயர் இருக்கும், உள்ளே படம் இருக்காது. அவர் பயணத்தின் கடைசி நான்கு நாள் அப்படியே போயிற்று. என்னால் மீட்டுத் தர முடியவில்லை, ஏனென்றால் மீட்பதற்கு அங்கே எதுவும் எழுதப்படவே இல்லை.

அதனால் புதுக் கார்டு எதுவாக இருந்தாலும் முதல் நாளே முழுவதும் நிரப்பிச் சோதித்துவிடுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3, இரண்டுமே இலவசம். கார்டு நிறையும்வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகலாம், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் பிழை இல்லை என்று சொன்னால் அளவு உண்மை. எழுதிய சராசரி வேகத்தையும் காட்டும். நல்ல ரீடரில் போட்டும் அது வி எண்ணுக்குக் கீழே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் இதைச் செய்ய வேண்டும் என்பதால்தான் முதல் நாள் என்கிறேன்.

அப்புறம் கேமராவில் ஒரு சோதனை. கார்டைக் கேமராவிலேயே ஃபார்மெட் செய்யுங்கள். ராவில் வைத்து, ஷட்டர் வேகத்தை 500-இல் ஒரு பங்குக்குக் குறையாமல் வைத்து, எதையாவது பார்த்து அழுத்திப் பிடியுங்கள். ஓட்டம் தடுமாறும் இடத்தைக் காது சொல்லும், அதுவரை எத்தனை படம் என்று பின்னால் எண்ணிக்கொள்ளலாம். விரலை எடுத்ததும் ஸ்டாப்வாட்சைத் தட்டி, சிவப்பு விளக்கு அணையும்போது நிறுத்துங்கள். என் பழைய கார்டில் 21 நொடி, இப்போது இருப்பதில் 6 நொடி. இந்த இரண்டு எண்ணும் தெரிந்தவர் களத்தில் எப்போது அழுத்த வேண்டும், எப்போது விரலைத் தூக்க வேண்டும் என்று தானாகக் கற்றுக்கொள்வார்.

ரீடரை மறந்துவிடாதீர்கள். யூஹெச்எஸ்-2 கார்டு வாங்கிவிட்டுப் பழைய யூஎஸ்பி 2 ரீடரில் போட்டால் நொடிக்கு 35 எம்பி அளவில்தான் வரும். 100 ஜிபிக்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேல். யூஹெச்எஸ்-2-ஐ ஏற்கும் யூஎஸ்பி 3 ரீடரில் அதே வேலை பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிக் கேமராவில் போடுவதையும் நான் தவிர்க்கச் சொல்வேன். தொடர்பு விட்டுப்போக இன்னொரு இடம் கூடுகிறது.

பழக்கங்கள் சில. விளக்கு எரியும்போது கார்டை வெளியே எடுக்காதீர்கள். படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகு, ஒவ்வொன்றாக அழிப்பதை விட்டுவிட்டுக் கேமராவில் ஃபார்மெட் செய்யுங்கள். ஒன்றொன்றாக அழித்தால் இடம் துண்டு துண்டாகச் சிதறி எழுதும் வேகம் குறையும். தவறுதலாக அழித்துவிட்டால் அந்தக் கார்டில் அதற்கு மேல் ஒரு படம்கூட எடுக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்க முடியும். கார்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுவதாக இருந்தால் அழியாத மை பேனாவால் முன்பக்கத்தில் எழுதுங்கள். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், சூட்டில் உரிந்து ஸ்லாட்டுக்குள் மாட்டிக்கொள்ளும்.