மண்டபத்துக்குப் புதுசா வந்திருக்கிற கர்ப்பிணித் தங்கச்சிமாருக்கு

இலங்கையில இருந்து படகேறி தனுஷ்கோடி மணல்திட்டுல இறங்கி, விசாரணை பதிவு எல்லாம் முடிஞ்சு மண்டபம் அகதி முகாமுக்கு வந்து சேந்ததும் முதல் வேலையா வயித்துல புள்ள இருக்குன்னு சொல்லிருங்க. மூணு மாசம் ஆகாம வெளிய சொல்லக்கூடாதுன்னு அம்மம்மா சொல்லிருப்பாங்க, சரி, சொந்தக்காரங்ககிட்ட சொல்லாதீங்க, நர்ஸம்மாகிட்ட சொல்லுங்க. அங்க மிட்வைஃப் எழுதிக்குடுத்த கிளினிக் கார்டு இருந்தா காட்டுங்க, படகுல நனைஞ்சு பாதி அழிஞ்சிருந்தாலும் பரவால்ல, ஊசி போட்ட தேதியும் ரத்த வகையும் தெரிஞ்சாலே பாதி வேலை மிச்சம். இங்க கிராம சுகாதார செவிலியர்னு இருப்பாங்க, அவங்கதான் பேரு பதிஞ்சு 12 இலக்கத்துல ஆர்.சி.எச். நம்பர் குடுப்பாங்க. புள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கப்போகும்போது அத கேப்பாங்க, பத்திரமா வச்சுக்கங்க. அங்க கிளினிக்ல குடுக்கிற திரிபோஷா மாவு இங்க கிடைக்காது, அங்கன்வாடில சத்துமாவு தருவாங்க.

இனி உடம்பு விஷயம். நானும் தொண்ணூறுல சின்னப்புள்ளையா தலைமன்னார்ல இருந்து வந்தவதான், இங்கயே வளந்து இங்கயே புள்ள பெத்தவ. இந்தக் கரையில கர்ப்பிணிங்க படுற பாட்டுல நிறைய தண்ணியாலயும் கழிவறையாலயும் வர்றதுதான், அதப் பத்தி யாரும் வாய்திறந்து பேசுறதில்ல. கர்ப்பப்பை மூத்திரப்பைய அழுத்துறதால ஒண்ணுக்கு அடிக்கடி வரும், முதல்லயும் கடைசி மாசங்கள்லயும் ரொம்ப, அது எல்லாருக்கும் உள்ளது. ஆனா ராத்திரி டார்ச்ச பிடிச்சுக்கிட்டு நாய் குலைக்கிற இருட்டுல வரிசைக் கடைசில இருக்கிற கழிவறைக்குப் போகப் பயந்து நம்ம புள்ளைங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தண்ணியே தொடமாட்டாங்க, வந்தாலும் விடியிற வரைக்கும் அடக்கிக்கிட்டு படுத்திருப்பாங்க. ரெண்டும் சேந்தா யூரின் இன்ஃபெக்ஷன்தான். எரிச்சல், அடிவயித்து வலி, நடுக்கத்தோட காய்ச்சல், கவனிக்காம விட்டா மாசம் முடியிறதுக்கு முன்னாடியே பிரசவ வலி வந்துரும். சூட்டுல எரியுதுன்னு மோரும் வெந்தயமும் குடிச்சு நாள் கடத்தாம ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒண்ணுக்கு டெஸ்ட் குடுங்க, கர்ப்பத்துல போடக்கூடிய மாத்திரை இருக்கு. ராத்திரிக்கு மூடி போட்ட ஒரு வாளிய உள்ளயே வச்சுக்கங்க, அதுல என்ன அசிங்கம், இல்லனா பக்கத்து வீட்டு அக்காவ எழுப்புங்க, திட்டிக்கிட்டே வருவா ஆனா வருவா.

குழாயில நல்ல தண்ணி வர்ற நேரத்துல பிடிச்சு வச்சுருங்க, மத்த நேரம் குடம் காசு குடுத்து வாங்கணும். போர்வெல் தண்ணி உப்பு, மசக்கைல அத வாயில வச்சாலே குமட்டும்.

அந்த மசக்கை 6வது வாரம் போல தொடங்கி பெரும்பாலும் 14, 16 வாரத்துல அடங்கிரும். ஆனா கருவாட்டு வாடைக்கு இங்க தப்பவே முடியாது, காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் யாரு வாசல்லயாவது நெத்திலி காஞ்சுக்கிட்டுதான் இருக்கும். எந்திரிக்கும்போதே ரெண்டு ரஸ்க் கடிச்சுட்டு எந்திரிங்க, வயித்த வெறுமையா விடாதீங்க. குடிச்ச தண்ணி கூட நிக்காம, ஒண்ணுக்கும் கருமஞ்சளா கொஞ்சூண்டு போச்சுன்னா அது மசக்கைனு விடுற விஷயம் இல்ல, அன்னைக்கே போயி ட்ரிப்ஸ் ஏத்திக்கங்க.

இரும்புச்சத்து மாத்திரை போட்டா மலம் கருப்பா போகும், பயப்படாதீங்க. மலச்சிக்கலும் வரும், கர்ப்பத்துல குடல் எப்பவும் மெதுவாதான் வேலை பாக்கும், அதுக்கு மேல இந்த மாத்திரை. அதுக்காக மாத்திரைய தூக்கி வாசல்ல போட்டுறாதீங்க, தண்ணியும் கீரையும் கூட்டுங்க. நம்ம ஆளுங்களுக்கு சாப்பிட்ட கையோட பிளேன்டீ வேணும், அதுதான் கெடுக்குது, மாத்திரை போடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னயும் பின்னயும் தேத்தண்ணி தொடாதீங்க, தேசிக்காய் (எலுமிச்சை) தண்ணியோட போட்டா நல்லா பிடிக்கும். கால்சியம் மாத்திரையையும் கூட சேத்து முழுங்காதீங்க, ஒண்ண ஒண்ணு கெடுக்கும், வேற நேரத்துல போடுங்க.

நெஞ்செரிச்சல், இடுப்பு வலி எல்லாம் வரும் போகும், ராத்திரி சாப்பிட்ட உடனே படுக்காம இருந்தாலே எரிச்சல் பாதி குறையும். கெண்டைக்கால் பிடிச்சு இழுத்தா கால நீட்டி பெருவிரல முகத்துப் பக்கமா மடக்குங்க, விட்டுரும். வலிக்கு பனடோல்னு கேட்டா மெடிக்கல்ல முழிச்சாலும் முழிப்பான், பாராசிட்டமால்னு கேளுங்க, அதே மருந்துதான். ஆனா உடம்புவலி மாத்திரைனு அவனா எடுத்துக் குடுக்கிற டைக்ளோஃபினாக் வகையறா வேண்டவே வேண்டாம், அதுவும் 20 வாரத்துக்கு மேல புள்ளையோட கிட்னிக்கு ஆகாது.

மீன் தாராளமா சாப்பிடுங்க, சாளை, சூடை, நெத்திலி எல்லாம் நல்லது. சுறா மட்டும் இப்ப வேண்டாம், பெரிய மீன்ல பாதரசம் சேந்திருக்கும். பால் ஊறும்னு பெத்தவங்களுக்கு ஆக்குற சுறாப்புட்டு, சுறா வறைய ஆசையா இப்பவே குடுத்தா வயிறு சரியில்லனு சொல்லித் தப்பிச்சுக்கங்க.

சித்திரை வைகாசி வெயில்ல சாயங்காலம் கணுக்கால் வீங்கும், தலகாணில கால தூக்கி வச்சுப் படுத்தா காலைல வத்திரும். காலைலயே மூஞ்சி ஊதி மோதிரம் கழட்ட வரல, தலை இடிக்குது, கண்ணு மங்குதுன்னா அது வெயில் இல்ல, பிரஷர். 140க்கு 90னு தொட்டாலே டாக்டர் பாக்கணும். அரிப்பும் அப்படித்தான், வேர்க்குரு முதுகுலயும் கழுத்துலயும் பொரிப்பொரியா தெரியும், ஆனா ஒரு தடிப்பும் இல்லாம ராத்திரில உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிச்சா ஈரல் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, பவுடர் போட்டுட்டுப் படுக்காதீங்க. ரத்தம் பட்டாலோ, தண்ணி ஒழுகினாலோ, புள்ள அசைவு குறைஞ்சாலோ புருஷன் கடலுக்குப் போயி வரட்டும்னு காத்திருக்கவே கூடாது.

108 காசில்லாம வரும், பெரிய கேஸுன்னா ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ் வரைக்கும் கொண்டு போவாங்க. போன்ல மண்டபம்னு மட்டும் சொல்லாதீங்க, ஊரு வேற முகாம் வேற, ரயில் ஸ்டேஷனே ரெண்டு தனித்தனியா இருக்கு. மண்டபம் கேம்ப்னு சொல்லி, வீட்டு நம்பர சொல்லி, முகாம் கேட் பக்கத்துல ஒரு பையன டார்ச்சோட நிப்பாட்டி வைங்க.